இரண்டெழுத்து

கிரிம்ஸ்பி துறைமுகம், ஏழாம் கிடங்கு.
ஞாயிறு ஓவர்டைம்.
தின்னர் பீப்பாய்களின் வயிற்றில்
'இன்ஃப்ளேமபிள்' என்ற சொல்லின்
முதல் இரண்டெழுத்தைச் சுரண்டுகிறாள்
ஹேசல் பிராக்ல்ஸ்பி.

முன்னால் 'இன்' வந்தால் 'இல்லை' என்றுதானே படித்தோம்?
செல்லாதது, தெரியாதது, தீராதது,
எல்லாம் அப்படித்தான்.
இது மட்டும் வேறு இன்.
உள்ளே வா என்று
நெருப்பைக் கூப்பிடுகிற இன்.

தீப்பற்றாது என்று வாசித்துத்தான்
புதுப்பையன் மிண்டௌகஸ்
பீப்பாயில் சாய்ந்து தீக்குச்சி கிழித்தான்.
கடல்காற்று அணைத்தது.
காற்றுக்கு இலக்கணம் தெரியாது.

(நம் இன்னும் லேசுப்பட்டதல்ல.
இன்சொல்லில் இனிக்கும்;
இன்மையில்
சட்டியே காலி.)

நாற்பத்தொன்றாம் பீப்பாய்.
நகக்கண்ணில் சிவப்புத் துகள்.
தேநீர் இடைவேளையில்
லாக்கர் கதவில் ஒட்டிய சான்றிதழைப் பார்க்கிறாள்,
போன கிறிஸ்துமஸுக்குக் கம்பெனி தந்தது.
அவள் பெயருக்குக் கீழே
தங்க மையில் 'இன்வேல்யுவபிள்'.

மதிப்பே இல்லாதவளா,
மதிப்பில் அடங்காதவளா?

கையில் சுரண்டி இருந்தது.
அங்கும் இரண்டெழுத்தை எடுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை கவரைப் பிரித்தாள்.
அதே கூலி.