ஆகவே செவ்வாய்தான் பக்கம்

படம் இரண்டு மணி பத்து நிமிஷம்.
அறிவியல் இரண்டு பிரிவேளை, தமிழ் ஒன்று,
சேர்த்தும் போதவில்லை.
ஜெயசீலி டீச்சர் போய்
விளையாட்டு வகுப்பையும் பிடுங்கிக்கொண்டு வந்தார்.
ஜன்னலுக்கு உரச்சாக்கைப் பிரித்துக் கட்டினோம்.
யூரியா என்ற எழுத்து
வெயில் பட்டுத் தலைகீழாக
விண்வெளியின் ஓரத்தில் தொங்கியது.

தலைஞாயிறுக்குக் கிழக்கே, ஒன்பதாம் வகுப்பு,
முப்பத்தொரு பேர்.
ஆறு களைத்துப்போய், மிச்சமிருந்தால்
வந்து சேரும் ஊர்.

செவ்வாய்க்குப் போகிற கப்பல்.
அலைவாங்கி பழுது.
சரிசெய்ய ஒருத்தி வெளியே போகவேண்டும்.
கதவு திறந்தது.
அதே நொடியில் எங்கள் ஸ்பீக்கர் செத்தது.

நான் வயரை ஆட்டினேன்.
ஜெயசீலி பெட்டியை முதலில் தட்டினார், பிறகு அடித்தார்.
பக்கத்து வகுப்பிலிருந்து பதினாறாம் வாய்ப்பாடு
தெளிவாகக் கேட்டது.
திரையில் அவள் பாட்டுக்குத் திருகிக்கொண்டிருந்தாள்.

கடைசி நாற்பது நிமிஷமும் ஊமைப்படம்.
வேறு வழியில்லாமல்,
ஏதோ முன்பே திட்டமிட்டதுபோல் சொன்னேன்:
"அவள் என்ன பேசியிருப்பாள்?
நாளைக்கு எழுதிக்கொண்டு வாருங்கள்."

ஒரே நோட்டு, இரண்டு டீச்சர்.
தமிழுக்குச் சிவப்பு மை, அறிவியலுக்குப் பச்சை.

கோகிலவாணி எழுதியிருந்தாள்:
"மேட்டூரில் திறந்த தண்ணீர்
எங்கள் வாய்க்காலுக்கு வரப் பதினேழு நாள்.
செவ்வாயிலிருந்து சேதி வரப் பதினான்கு நிமிஷம்.
ஆகவே செவ்வாய்தான் பக்கம்."
பச்சை கேட்டது: தூரத்தின் அலகு எங்கே?
சிவப்பு அந்த 'ஆகவே'யைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது,
தப்பென்று இல்லை.
ஆறு வருஷமாக ஆகவே, எனவே, ஆதலால் நடத்துகிறேன்.
ஒருத்தரும் இப்படி
அதன்மேல் ஏறி உட்கார்ந்ததில்லை.

மதுவர்ஷன் எழுதியது நாலே வரி.
"ஸ்பீக்கர் கெடவில்லை டீச்சர்.
அங்கே காற்று இல்லை.
அதனால் கேட்காது.
நீங்கள்தான் தட்டிக்கொண்டே இருந்தீர்கள்."
பச்சையில் பத்துக்குப் பத்து.
கேட்ட கேள்விக்கு இது பதிலா என்று
நான் இரண்டு போட்டேன்.
ஓய்வறையில் டீ ஆறும்வரை சண்டை.

ஃபஹ்மிதாவின் நோட்டில்
முதல் வரி: "இங்கே மழையே இல்லை. அங்கே?"
பிறகு பதினான்கு கோடுகள் வெறுமையாய்.
பக்கத்தின் அடியில் பதில்:
"இருக்கட்டும். நீ சாப்பிட்டியா?"

நான் மையைத் தொடவில்லை.
மார்ஜினில் ஒரு புள்ளிகூட வைக்க மனம் வரவில்லை.
ஜெயசீலி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு தரம் படித்தார்.
பச்சையில் எழுதினார்:
"போகப் பதினான்கு, வரப் பதினான்கு.
இன்னும் பதினான்கு வரி விடவேண்டும்."
எனக்குக் கோபம் வந்தது.
அப்புறம் அந்தக் கணக்கு
ராத்திரி முழுக்க என்னோடு விழித்திருந்தது.

மறுநாள் அவள் ஒரு தாளைப் பசை போட்டு
நடுவில் ஒட்டிக்கொண்டு வந்தாள்.
பக்கம் நீண்டு மேசைக்கு வெளியே தொங்கியது.
பதில் இப்போது கீழே, காற்றில் ஆடிக்கொண்டு.

அடுத்த வாரம், திருத்துறைப்பூண்டியில்
நூற்றெண்பது ரூபாய் கொடுத்து ஸ்பீக்கர் சரியாகி வந்தது.
விட்ட இடத்திலிருந்து படம்.
கதவு திறந்ததும்
இடி, முரசு, நாற்பது வயலின்,
இரும்பில் இரும்பு மோதும் ஓசை.

"நிறுத்துங்க டீச்சர், தப்பு!"
முப்பத்தொரு குரல்.
நான் எழுவதற்குள் மதுவர்ஷன் வயரைப் பிடுங்கிவிட்டான்.

அவள் வெளியே மிதந்தாள்.
சாக்குத் திரைக்கு அப்பால்
யார் வயலிலோ அறுவடை இயந்திரம் திரும்பும் சத்தம்,
வரப்போரம் ஒருமுறை இருமி
மறுபடி நேராகப் போகும் சத்தம்.

கோகிலவாணி கையைத் தூக்கினாள்:
"அதையும் எழுதலாமா டீச்சர்?"

நானும் ஜெயசீலியும்
ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம்.
எந்த மையில் பதில் சொல்வது?