உள்ளது உள்ளபடி

சம்மாந்துறை ஆலையில்
நெல் நிறுக்கும் இடத்துக்குப் பக்கத்தில்
பில் அடிக்கும் மெஷின்.
பெயருக்குப் பத்து இடம். மிஞ்சினால் வெட்டு.

நாற்பத்திரண்டு மூட்டையோடு வந்த உதுமாலெவ்வை
துண்டைக் கண்ணருகே பிடித்து
"உதுமாலெவ்வ" என்று வாசித்தார்.
"என்ட பேருல மிச்சம் எங்க, புள்ள?"

நான் எண்ணினால் ஆறு எழுத்து.
கணினிக்குப் பதினொன்று.
காலைத் தனியே, கொம்பைத் தனியே,
புள்ளியைக்கூடத் தனியே எண்ணுகிற பிறவி.
வகரத்துக்குப் பின்னால் பதிந்துகொண்டு
வகரத்துக்கு முன்னால் வந்து நிற்கும் ஐகாரக் கொம்பு
பதினோராவதாக வந்தது,
கதவு சாத்தியாயிற்று.

எழுத்தை எழுத்தாக வெட்டுவதற்கு
நாற்பது வரி எழுதினேன்.
முதலாளி மெஷினுக்குக் காசு கொடுத்தார்.
நாற்பது வரிக்கு விலை கேட்க ஆளில்லை,
அதனால் எல்லாருக்கும் வைத்தேன்.
பெயர்: கொம்பு. பதிப்பு 0.1.

உரிமத்தை நானா எழுதினேன்?
எல்லாரும் ஒட்டுவதை ஒட்டினேன்.
எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம்;
உள்ளது உள்ளபடி;
உத்தரவாதம் எதுவும் கிடையாது.
மச்சி எட்டிப் பார்த்துச் சொன்னாள்:
"உத்தரவாதமில்லாத சாமானச் சும்மா குடுக்காய்.
எடுக்கிறவன் லேசுப்பட்டவனா இருக்கமாட்டான்."

ஒன்பது மாதத்தில் ஏழு பதிவிறக்கம்,
அதில் ஐந்து நான்.
பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டாயிரம்.
எந்த வங்கியோ, எந்த ஆஸ்பத்திரியோ,
எதன் அடியில் என் நாற்பது வரி கிடக்கிறதோ.

நோன்பு இருபத்திமூன்று. சஹருக்கு எழும்பினால்
அவசரம் என்ற தலைப்பில்,
ஸலாமும் இல்லாமல் வணக்கமும் இல்லாமல்
ஒரு பிழை அறிக்கை. திங்களுக்குள் வேண்டுமாம்.
"உரிமத்தை வாசிக்கவும்" என்று தட்டினேன்.
அனுப்பவில்லை.
ஏனென்றால் அவர்கள் சொன்னது சரி:
க்ஷ என் கையில் இரண்டாக உடைகிறது.
எங்கேயோ ஒரு லக்ஷ்மி
பாதிப் பெயரோடு வரிசையில் நிற்கிறாள்.

பாங்கு சொல்ல நாலு நிமிடம் இருக்க
0.1.4 போனது.
தண்ணீர் குடித்தேனா என்பது நினைவில்லை.

அதற்குப் பிறகுதான் தினூஷ.
முகமில்லை, பயனர் பெயர் மட்டும்.
நேரக் குறி எனதேதான். கொழும்பாக்கும் என்றிருந்தேன்.
அம்பாறை.
கல்முனையிலிருந்து எங்கள் ஆலை வாசலைக் கடந்து
பஸ் போகிற அதே அம்பாறை.

மூன்று வரி மாற்றம் அனுப்பியிருந்தார்.
குறிப்பு, பள்ளிக்கூட ஆங்கிலத்தில்:
எங்கள் எழுத்துக்கும் முன்னால் வந்து நிற்கிற ஒன்று உண்டு.
நாங்கள் கொம்புவ என்கிறோம்.
உங்கள் கோப்பின் பெயரைப் பார்த்துத்தான் திறந்தேன்.
எல்லையைக் கொஞ்சம் அகட்டினால் எங்களுக்கும் போதும்.

எல்லையை அகட்டினேன்.
அவர் அனுப்பிய பதினேழு சோதனைச் சொற்களில்
ஒன்றையும் எனக்கு வாசிக்கத் தெரியாது.
பதினேழும் பச்சை.
அவை வசையாகவும் இருக்கலாம்,
அவருடைய ஊர் பஸ் பெயர்ப் பலகைகளாகவும் இருக்கலாம்.
மேர்ஜ் செய்தேன்.
நன்றி என்று சிங்களத்தில் எழுதத் தேடினேன்;
அந்தச் சொல்லிலேயே இருந்தது ஒரு கொம்புவ? இல்லை.
தேடியது வீண். இருந்தாலும் எழுதினேன்.

அடுத்த போகம் உதுமாலெவ்வை வந்தார்.
மெஷின் அடித்தது, ஐகாரம் உட்பட,
ஆறு எழுத்தும்.
பெயரை அவர் பார்க்கவில்லை.
விரல் நேரே கீழே போய் நின்றது:
"ஈரத்துக்கு இவ்வளவு கழிச்சது என்னத்துக்கு, புள்ள?"

அதற்கு என்னிடம் லைப்ரரி இல்லை.
முதலாளியிடம் கேளுங்கள் என்றேன்.