ஒன்றரை மணிப் படம்

மேகத்துக்குக் கீழே நிழல் விழும்.
புகைக்கு அநேகமாக விழாது.
வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம்
எனக்குச் சொல்லித் தந்தது இவ்வளவுதான்.
மீதியைத் திரையே சொன்னது:
வெளுத்த வேட்டியில் யாரோ சாம்பல் கையைத் துடைத்ததுபோல் தெரிந்தால்
எங்கேயோ எரிகிறது.

தருமபுரி வன அலுவலகம், இரண்டாம் மாடி.
தொகுப்பூதியம்.
சுழல் நாற்காலிக்கு ஒரு சக்கரம் கிடையாது.
பங்குனியில் செயற்கைக்கோள்
மதியம் ஒன்றரைக்கு ஒருதரம், இரவு ஒன்றரைக்கு ஒருதரம்
நம் தலைக்கு மேல் கடக்கும்.
படம் என் கைக்கு வர நாலு மணி ஆகிவிடும்.
அதில் ஒரு கட்டம் முந்நூற்று எழுபத்தைந்து மீட்டர்.
அதற்குள் ஒரு சரிவு, நாற்பது மூங்கில் புதர்,
வற்றிய சுனை, ஆட்டுத் தடம்,
எரிந்தால் எல்லாம் சேர்ந்து ஒரே சிவப்புப் புள்ளி.

எல்லாப் புள்ளியும் காடு அல்ல.
பாலக்கோட்டுப் பக்கம் வெல்லம் காய்ச்சுகிறார்கள்.
காரிமங்கலத்தில் செங்கல் சூளை.
கிருஷ்ணகிரி எல்லையில் வெயிலேறிய குவாரிப் பாறையைத்
தீ என்று நம்பி
ரேஞ்சரை ஒருநாள் ஓடவிட்டிருக்கிறேன்.
திரும்பி வந்தவர் ஒரு கருங்கல்லை என் மேசையில் வைத்தார்.
"உங்க தீ."
இப்போது அது காகிதம் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.

செவ்வாய்க்கிழமை வந்தது நிஜப் புகை.
வத்தல்மலைச் சரிவில் நகக்கண் அளவாய்க் கிளம்பி
கிழக்குக் காற்றில் மேற்கே சாய்ந்து அகன்றிருந்தது.
அளந்தேன். பதினெட்டு கிலோமீட்டர்.
நுனி நாலு ரோட்டைத் தாண்டி
எங்கள் தெருமேல் கிடந்தது.
படத்தில் எங்கள் தெரு தெரியாது.
கொடியில் காயும் துணியும்,
வாசலில் பந்து உதைக்கிற, இழுப்பு உள்ள என் பையனும்
அந்தச் சாம்பல் தீற்றலுக்குள் எங்கோ.
பகலில் உயரத்தில் போகிற புகை
வெயில் தாழ்ந்தால் தரைக்கு இறங்கும்.

பக்கத்து வீட்டு ரமீஜாவுக்கு போன் போட்டேன்.
ஜன்னலைச் சாத்துங்க, அவனை உள்ள கூப்பிடுங்க.
"ஒரு வாசனையும் வரலையே?"
"வந்துட்டிருக்கு" என்றேன்,
ரயிலைச் சொல்வதுபோல.

தீர்த்தனுக்கும் அடித்துப் பார்த்தேன்.
மலையில் ஒரே ஒரு பாறைமேல்தான் சிக்னல்.
ஆறரைக்கு அவனே ஏறி நின்று கூப்பிட்டான்.
"மேடம், மூணு தீ."
எனக்கு ஒண்ணுதானே தெரியுது?
"காலைல பத்துக்கு ஒண்ணு, பன்னெண்டுக்கு முன்ன ஒண்ணு.
நானும் குப்பாயியும் புங்கந்தழையால அடிச்சே அமத்திட்டோம்.
மூணாவதுக்குக் கை ஓயஞ்சுபோச்சு.
அதப் போயி உங்க ஆளு பாத்திருக்கான்."
சிரித்தான். சிரிப்பு பாதியில் இருமலானது.

படிவம் கேட்பது:
அட்சரேகை, தீர்க்கரேகை, கண்டறிந்த நேரம், பரப்பு.
அணைத்த நேரத்துக்கும் இடமுண்டு,
ஆனால் முதலில் கண்டறிந்திருக்க வேண்டும்.
ஒன்றரைக்கு முன்னால் செத்த தீ
பிறக்கவே இல்லை.
மாதக் கடைசியில் கேட்பார்கள்,
தீர்த்தன் பீட்டில் ஏன் புள்ளி விழுந்தது என்று.
புள்ளி விழாத பீட்டில்
காவலர் தூங்கினாரா, நாளெல்லாம் ஓடினாரா,
அது எந்தப் படத்திலும் இல்லை.
குறிப்பு என்ற கட்டத்தில்
'மேலும் இரண்டு' என்று அடித்தேன்.
எண் மட்டும், என்றது கணினி.
2 என்று அடித்தேன்.
ஏற்றுக்கொண்டது. எதை என்று அதற்குத் தெரியாது.

வீட்டுக்குப் போகும்போது
பெட்ரோல் பங்க் அருகே மூக்குக்கு எட்டியது:
காய்ந்த மூங்கில், கொஞ்சம் உண்ணிச்செடி.
வண்டியை நிறுத்தவில்லை.

சாத்திய ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து
"எதும்மா எரியுது?" என்றான்.
"மூணாவது."
மற்ற ரெண்டைப் பற்றி அவன் கேட்கவில்லை.
இன்ஹேலரைக் குலுக்கிக்கொண்டிருந்தான்.