பாதி விரிப்பு

மே மாதம் பொல்லாத மாதம்.
ஆறு மாத இருட்டு
கண்டும் காணாமல் விட்ட தூசியையெல்லாம்
ஒரே காலையில் காட்டிக்கொடுத்துவிடும் வெயில்.
ஜன்னல் முழுக்கக் கைரேகை.
பனியில் யாரும் வழுக்கிவிடாதிருக்க
நகராட்சி தெருவில் தூவிய பொடிக்கல்
என் காலணியோடு வந்து
அலமாரிக்கடியில் குடியேறியிருக்கிறது,
வாடகை தராமல்.

வீடு துடைப்பது எனக்கு வேப்பங்காய்.
முதல் நாள் அலமாரி, மறுநாள் அடுப்பு,
இரண்டையும் முணுமுணுத்தபடியே முடிப்பேன்,
மூன்றாம் நாளை நினைத்துக்கொண்டு.

மூன்றாம் நாள்
விரிப்பைச் சுருட்டி மிதிவண்டியில் கட்டி
கடலோர மேடைக்குப் போவேன்.
ஹெல்சிங்கியில் பாதிப் பேர் அங்கேதான்.
நீண்ட மர மேசைகள், முரட்டுத் தூரிகைகள்,
பைன் சோப்பின் பிசின் வாசனை,
ஊரார் முன்னால் அழுக்கைக் கொட்டுவதில்
யாருக்கும் வெட்கமில்லை.

ஐலா ஃபிளாஸ்கில் காப்பி கொண்டுவருவாள்.
ஏலக்காய் ரொட்டிக்கு ஒரு சட்டம்:
ஒரு பக்கம் தேய்த்து முடிக்கும்வரை தொடக்கூடாது.
சட்டம் கடற்காகங்களைக் கட்டுப்படுத்தாது.

என் விரிப்பு பழந்துணி கிழித்து நெய்தது.
பச்சைக் கோடுகள், வேலையில் சேர்ந்த அன்று நான் போட்ட கவுன்.
மஞ்சள், சமையலறைத் திரை.
நீலம், ரெய்யோவின் சட்டை.
பிரிந்தபோது எல்லாவற்றையும் பங்கு போட்டோம்.
கரண்டி ஆளுக்கு ஆறு.
விரிப்பை மட்டும்
இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை.
கத்தரிக்கோல் தீர்ப்புச் சொன்னது.

ஏழு வருடமாக
நீலக் கோடு வந்ததும்
என் தூரிகைக்குத் தனி உற்சாகம் பிறந்துவிடும்.
"போதும், சாயம் போய்விடும்" என்பாள் ஐலா.
"போகட்டுமே."
இதைவிட மலிவான வைத்தியம்
எனக்குத் தெரிந்து இல்லை.

இந்த வருடம்
பக்கத்து மேசையில் வந்து நின்றான்,
தோளில் மறுபாதி.
பாத்திரம் துலக்கும் பஞ்சை வைத்துக்கொண்டு
பூனையைத் தடவுவதுபோல் தடவினான்.
பேச மனமில்லை.
பார்க்கவும் பொறுக்கவில்லை.
என் இரண்டாவது தூரிகையை
அவன் பக்கம் தள்ளிவிட்டேன்.

எடுத்தான். தேய்த்தான்.
சற்றுப் பொறுத்துத்தான் கவனித்தேன்,
பச்சைக் கோட்டின் மேல்
அவன் கை ஓடிய அழுத்தத்தை.

"பச்சையில் அவ்வளவு கறையா?"
"உன் நீலம் வெளுத்தே போய்விட்டதே."

வாயில் காப்பியோடு
முதலில் சிரித்தவள் ஐலா.
அப்புறம் எப்படியோ அது பந்தயமானது.
நுரை முழங்கைக்கு ஏறியது.
எதிர் மேசைக் குழந்தைகள் அவன் கட்சி.
கடலில் மொண்ட வாளியை அவன் கவிழ்த்தபோது
பாதித் தண்ணீர் என் காலணிக்குள்.
பால்டிக் கடலுக்கு
வசந்தம் வந்த செய்தி இன்னும் போய்ச்சேரவில்லை.
நான் போட்ட கூச்சலில்
ஒரு வாத்துக் குடும்பமே இடம் மாறியது.

யார் ஜெயித்தது என்பதில்
இன்றுவரை தகராறு இருக்கிறது.

பிழியும் எந்திரத்துக்கு இரண்டு ஆள் வேண்டும்.
அவன் கைப்பிடியைச் சுற்றினான்,
நான் விரிப்பை உள்ளே கொடுத்தேன்,
விரலை நசுக்காமல்.
கம்பத்தில் வேறு இடமில்லாததால்
அருகருகே உலரப் போட்டோம்.
வெட்டிய ஓரத்தை நான் மடித்துத் தைத்திருந்தேன்.
அவன் ஸ்டேப்ளர் அடித்திருந்தான்.
ஸ்டேப்ளர்!
இருபது வருடம் ஒரே வீட்டில் எப்படித்தான் இருந்தேனோ.

மறுநாள் மாலை எடுக்கப் போனால்
கம்பத்தில் தொங்கியது
ஸ்டேப்ளர் அடித்த பாதி.

வேண்டுமென்றேவா, கண் தெரியாமலா?
அவனை அழைத்துக் கேட்கவில்லை.
துடைத்த தரையில் சம்மணமிட்டு
வானொலியைப் போட்டுவிட்டு
முள் முள்ளாய்ப் பிடுங்குகிறேன்.
முப்பத்தொன்று எடுத்தாயிற்று,
இன்னும் ஓரம் முடியவில்லை.

இந்தப் பாதியில் நீலம்
கடையில் வாங்கிய அன்றுபோல அப்படியே இருக்கிறது.
அடுத்த மே மாதத்துக்கு
நிறைய வேலை இருக்கிறது.