அரைப் பேர்

தோட்டத்துப் பழைய டிஸ்பென்சரிதான்
எங்கள் காட்சியகம்.
கூரைத் தகரம் ஆ லியோங் கடனாய்த் தந்தது;
கடனை அவர் இன்னும் கேட்கவில்லை.
கரண்டு பில் மாதத்துக்கு ஒருவர்,
இந்த மாதம் ரொட்டிச்சானாய்க் கடை ஹம்சா.

பால்வாளி பதினேழு சேர்ந்துவிட்டது.
இனி வாளி வேண்டாம் என்று
வாசலில் எழுதிப் போட்டோம்.
மறுநாள் பதினெட்டாவது.

செவ்வாய்தோறும் தவமலர் வருவாள்.
உண்டியலில் இரண்டு வெள்ளி,
பிறகு செக்ரோலைத் திறக்கச் சொல்வாள்.
1961, ஆகஸ்டு ஒன்பது:
குப்பம்மாள், அரைப் பேர்.

"நான் பொறந்த நாளு.
பதினோரு மணி வரைக்கும் மரம் வெட்டிட்டு
நெரையிலேயே பெத்தாங்க.
அரைய அழிச்சு ஒண்ணு போடுங்க."

பழைய ஏட்டில் கை வைக்கக் கூடாதே, என்றேன்.
"கிராணியும் இப்படித்தான் பேசியிருப்பான்."

கமிட்டி கூடியது.
இரண்டு சண்டை, ஒரு தட்டு பீசாங் கோரெங்.
ஏட்டைத் தொடவில்லை.
கண்ணாடிக்குக் கீழே ஓர் அட்டை வைத்தோம்,
தமிழில், மலாயில், ஆ லியோங் கையெழுத்தில் சீனத்தில்:
மீதி அரைப் பேர் இன்னும் பாக்கி.

மூன்றையும் விரலால் தடவிப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த செவ்வாய்
வந்தது
பத்தொன்பதாவது வாளி.