அரைப் பேர்

எஸ்டேட் ஆபீசுக்குப் புது கம்ப்யூட்டர் வந்தபோது
பழையதெல்லாம் நிறைக்குப் போனது.
நோர்வூட் இரும்புக் கடையில்
அறுநூறு ரூபாய்க்கு நான் எடுத்தது
பழுப்பேறிய ஒரு கீபோர்டு.
வட்ட முனை,
டெலிபோனுக்குப் போல் சுருள் வயர்.

விசைகளைப் பிடுங்கிக் கவிழ்த்தேன்.
கொட்டியது தேயிலைத் தூள்,
ஸ்டேப்ளர் கம்பி இரண்டு,
யாரோ கடித்துத் துப்பிய நகம்.
அடியில் ஒவ்வொரு குழியிலும்
ஒரு ஸ்பிரிங் நிமிர்ந்து நின்றது
விடியற்காலைப் பெரட்டில் ஆட்கள் மாதிரி.

அழுத்தினால் முதலில் முரண்டு பிடிக்கும்.
பிறகு சட்டென வளைந்து மடியும்: டக்.
அந்த டக்கில்தான் எழுத்து விழும்,
அதற்கு முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை.
இனித் திரும்ப முடியாதென்று
விரலுக்கும் காதுக்கும் ஒரே நொடியில் தெரியும்.

டிலுக்‌ஷனுடையது வேறு ரகம்.
கேமிங் கீபோர்டு, சிவப்பு சுவிட்ச்,
எங்கும் தடுக்காமல் அடிவரை இறங்கும்.
"ஒரு மில்லிமீட்டர் போதும்டா,
நெனச்சாலே சுட்டுரும்."
மூடுபனி ஜன்னலை அடைத்த இரவுகளில்
அவன் காம்பரா ஊதாவாய், பச்சையாய், ரோஸாய்
மூச்சு வாங்கும்.
நாலு விசை தேய்ந்திருக்கிறது அதில்,
முன்னே ஓட, பின்னே ஓட,
இரண்டு பக்கமும் ஒதுங்க.

என்னுடையதில் எழுத்தெல்லாம் அப்படியே கறுப்பு.
வலக்கோடியில் எண்கள்தான் மினுங்கின.
பூஜ்யம்.
ஐந்து.
புள்ளி.
கழித்தல்.

பதினெட்டுக் கிலோவுக்கு ஒரு கிலோ குறைந்த நாளுக்கு
அரைப் பேர், அதாவது புள்ளி ஐந்து.
சாக்குக்கும் ஈரத்துக்கும்
மழை பெய்யாத நாளிலும் கழித்தல் இரண்டு.
ஒரே விரல் வருஷக்கணக்காய்ப்
போய்வந்த பளபளப்பு.

ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அம்மா
திரும்பாமலே கேட்டாள்:
"கிளாக்கர் ஆபீஸ் சத்தம் எங்கருந்து வருது?"

பிறகு வந்து, மாவுக் கையைத் துடைத்து,
அதைத் தூக்கிப் பார்த்தாள்.
"ரெண்டரை."
கடைத் தராசில் வைத்தேன் மறுநாள்:
இரண்டு கிலோ நானூற்று எண்பது.
சொன்னபோது சொன்னாள்,
"ரெண்டக் கழிச்சிட்டுப் போடு."
நான் சிரிக்கக் கொஞ்சம் நேரமானது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை
பத்து விரலையும் ஒரே அடியாய் வைத்தாள்,
இரண்டு கையாலும் கொழுந்து கிள்ளுகிற வாகில்.
திரையில் விழுந்தது மூன்றெழுத்து.
"பத்து வெரலும் வச்சேனே?"
பழைய வயரிங் அம்மா,
கூட்டமாய் வந்தால் இது எல்லாரையும் பதியாது,
யாரையாவது விட்டுவிடும் என்றேன்.
"தெரியும்" என்றாள்.

டிலுக்‌ஷன் தன்னுடையதை
வயரோடு கொண்டுவந்து மாட்டினான்.
தொள்ளாயிரம் கிராம், தூக்கிப் பார்த்து
உதட்டைப் பிதுக்கினாள்.
மறுபடி பத்து விரல்.
பத்தெழுத்து.
திரையில் விரல் வைத்து எண்ணினாள்.
மறுபடி எண்ணினாள்.
"புள்ளி ஏதும் விழலியே?"
"இல்லங்க அத்த."
"நல்ல சாமான்.
அந்த லைட்ட மட்டும் அமத்து, பில்லு கூடும்."

நியாயம் எந்தப் பக்கமென்று
அன்றைக்கே தெரிந்துவிட்டது எனக்கு.
ஆனாலும் அந்த டக் பிடித்திருக்கிறது,
அதுதான் சங்கடம்.
அவள் தூங்கும்வரை இருந்து,
கதவைச் சாத்தி,
கீழே ஒரு பழைய சாரத்தை மடித்துப் போட்டு,
வலக்கோடிப் பக்கம் கை போகாமல்
இதை எழுதுகிறேன்.