படிக்காசு

பதுளைச் சிறையில் எனக்குச் சோறு போடுகிறவர்
என்னைச் சிறையில் போட்டவர்தான்.
திங்கள்தோறும் பிஸ்கால் கந்தோரில்
படிக்காசு கட்டிவிட்டுப் போகிறார்
கானா ரூனா கடைச் செட்டியார்.
கட்டாத வாரம் கதவு திறந்துவிடும்,
அதுதான் சட்டம்.
அவர் கட்டாத வாரமில்லை.
கட்டியதையும் கடனோடு சேர்த்தெழுதுகிறார்.
நான் மெல்ல மெல்ல
வளர்கிறது கணக்கு.

நாற்பது பேருக்கு முன்பணம் வாங்கியவன் நான்.
மன்னாரில் இறங்கி நடத்திவந்தேன்.
பேதியில் ஒன்பது பேர்
மாத்தளைக்கு இந்தப் பக்கம் வரவில்லை.
இரண்டு பேர் இரவோடிரவாக வேறு தோட்டம்.
மீதி இருபத்தொன்பது.
செத்தவன் கடன் மட்டும்
செட்டியார் ஏட்டில் உயிரோடிருந்தது.

பிரக்கிராசி டி வாஸ் மனு எழுதினார்:
கையில் ஒன்றுமில்லாதவன், விடுதலை வேண்டும்.
ஒன்றுமில்லை என்பதற்கும் பட்டியல் வேண்டுமாம்.
குடை ஒன்று, கம்பி இரண்டு முறிந்தது.
துரை கழித்துப்போட்ட கோட்டு.
பிரம்பு. அதன் வெள்ளிப்பூண் அடகில்.
‘உனக்கு வரவேண்டியது?’
ஆட்கள், என்றேன்.
இருபத்தொன்பது என்று எழுதிக்கொண்டார்.

நீதவான் இங்கிலீசில் கேட்டதை
துவிபாஷி தமிழில் கேட்டார்.
பெயர்களைச் சொல்.
சொல்லச்சொல்ல ஒவ்வொருவரும்
செட்டியார் பேருக்கு மாறுவார்கள்.
நான் வெளியே போக அதுதான் வழி.

சோலையன், பதினெட்டு ரூபாய்.
மாயக்கா, ஒன்பதே கால்.
பொம்மி, சின்னப்பிள்ளை,
அப்பன் விட்டுப்போனது முப்பத்திரண்டு.
இருபத்தெட்டுப் பேரைச் சொல்ல
நாக்குக் கூசவில்லை.
அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியில் இருந்தாள் சீரங்காயி.
நாலந்தை தாண்டி, மழையில்,
அவள் புருஷனை என் கம்பளியில் சுற்றிப் புதைத்தோம்.
அந்தக் கம்பளிக்கும் இரண்டரை ரூபாய்
அவள் கணக்கில் எழுதியது
என் கைதான்.

‘இன்னும் ஒரு பேர்’ என்றார் துவிபாஷி.
இல்லை என்றேன்.
‘மனுவில் இருக்கிறதே?’
பிரக்கிராசி தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நீதவான் இரண்டு சொல் சொன்னார்.
துவிபாஷி அதை நீட்டிச் சொன்னார்:
ஆஸ்தியை மறைத்தவனுக்கு விடுதலை இல்லை.

ஆஸ்தி
இந்நேரம் மூணாம் நம்பர் மலையில்
கூடையோடு நிற்கும்,
தான் ஆஸ்தி என்று தெரியாமல்,
என்னைத் திட்டிக்கொண்டு.

இன்று திங்கள்.
செட்டியார் கட்டிவிட்டார் போலிருக்கிறது,
தட்டு வந்தது.
சோற்றில் ஒரு கல்.
துப்பவில்லை, எடுத்து ஓரமாக வைத்தேன்.
அதற்கும் விலை போட்டிருப்பார்.